கேள்வி–பதில்: ‘இஸ்துகினு’வுக்கு என்ன குறி போடுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கார்ப்பஸ் பற்றியவை. சொல்லுக்குச் சொல் இலக்கணக் குறி இட்டுச் சேர்த்துவைக்கும் மொழித் தரவகத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். நான்கு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கல்லூரி ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை: எங்கள் தமிழ்த்துறையில் இரண்டு நாள் பட்டறை வைக்கிறோம். மாணவிகள் 20 பேர், கணினி 10. எத்தனை சொல்லுக்குக் குறி போட முடியும்?

எத்தனை என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஆங்கிலத்தின் பிரௌன் தரவகம் 10 லட்சம் சொல் கொண்டது; 1961இல் அச்சானவற்றிலிருந்து தலா சுமார் 2,000 சொல்லாக 500 பகுதிகள். ஆனால் அதற்குக் குறி இட்டு முடிக்கப் பின்னால் பல ஆண்டுகள் பிடித்தன. செக் நாட்டுப் பிராகாவில் உருவாகி, பல மொழிகளுக்கும் ஒரே குறிமுறை வைத்திருக்கும் யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் தொகுப்பில் இருக்கும் தமிழ் ட்ரீபேங்கில் (வாக்கிய அமைப்பையும் குறித்துவைத்த தரவகம்) 600 வாக்கியம்தான். சிறியது என்று யாரும் அதை ஒதுக்கிவிடவில்லை.

முதல் நாள் காலையில் 20 பேருக்கும் அதே 30 வாக்கியங்களைத் தாளில் அடித்துக் கொடுங்கள். யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் சொல்வகை 17 உண்டு, அதுவே போதும். பக்கத்தில் கேட்காமல் பென்சிலால் போடட்டும். பிற்பகல் முழுக்க, எங்கெங்கே மாறுபட்டார்கள் என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியும் இரண்டு எடுத்துக்காட்டும் எழுதவையுங்கள். அந்த நோட்டுதான் பட்டறையின் விளைச்சல். இரண்டாம் நாள் இணை இணையாகப் பிரித்து, இணைக்கு 15 புது வாக்கியம், மொத்தம் 150. ஒரு கணினியில் காலையில் ஒருத்தி, மதியம் அதே வாக்கியங்களுக்கு அவள் இணை. கணினி பத்துதான் என்பது இங்கே வசதியாகிவிடுகிறது. தோழிகளை அருகருகே உட்காரவைத்தால் விடை ஒன்றாகத்தான் வரும், நம்ப முடியாது! காலையில் முடித்தவளின் கோப்பைத் திறக்க முடியாதபடி வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள்.

காசிமேடு வாசகர்: மீன்பிடித் துறைமுகத்தில் பேச்சைப் பதிவு செய்திருக்கிறோம். ‘வலைய இஸ்துகினு வந்தான்’, ‘போட்டு கரைல கீது’ என்றெல்லாம் வருகிறது. ‘இழுத்துக்கொண்டு’, ‘இருக்கிறது’ என்று திருத்தி எழுதலாமா?

கூடாது. திருத்தினால் நீங்கள் துறைமுகத்துக்குப் போனதே வீண். அதற்காகக் காதில் விழுந்ததை மட்டும் எழுதிவைத்தாலும் பயன் குறைவு. ‘இரு’ என்று தேடுகிறவருக்குக் ‘கீது’ கிடைக்காது. இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள். கோனல்-யூ என்ற கோப்பு வடிவத்தில் ஒரு சொல்லுக்கு 10 பத்தி (நெடுவரிசைக் கட்டம்) உண்டு. 2ஆம் பத்தியில் காதில் விழுந்த வடிவம், 3ஆவதில் அடிச்சொல், 4ஆவதில் சொல்வகை. எழுத்துத்தமிழ் வடிவத்தைக் கடைசிப் பத்தியில் குறிப்பாக வையுங்கள்.

‘இஸ்துகினு’வை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வாக்கியத்தில் அது இரண்டாவது சொல்லானால் 2-3 என்று எண்ணிட்ட வரியில் முழுச்சொல். அடுத்து 2ஆம் வரியில் ‘இஸ்து’, அடிச்சொல் ‘இழு’, வினை. 3ஆம் வரியில் ‘கினு’, அடிச்சொல் ‘கொள்’, துணைவினை. ‘கீது’வுக்கு அடிச்சொல் ‘இரு’ என்பதில் சிக்கல் இல்லை. சொல்வகையில்தான் தடுக்கி விழுவார்கள். ‘கரைல கீது’ என்னும்போது அது முழுவினை. ‘வந்துகினு கீறான்’ என்னும்போது துணைவினை.

‘போட்டு’ என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். ‘போட்டு கரைல கீது’ என்பதில் அது படகு, பெயர்ச்சொல். ‘வலைய போட்டு’ என்பதில் ‘போடு’ என்ற வினையின் எச்சம். துறைமுகப் பேச்சில் இரண்டும் அடிக்கடி வரும். இயந்திரத்தை நம்பி விட்டால் படகெல்லாம் வினையாகிவிடும்.

அடிச்சொல்லுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒலி மாறிய அதே சொல்லானால் பொதுவடிவம் (இன்னா – என்ன), வேறு சொல்லானால் அதுவேதான். ‘நாஸ்டா’, ‘பேஜாரு’ இரண்டும் உருது வழி வந்தவை. அவற்றுக்குச் ‘சிற்றுண்டி’, ‘தொல்லை’ என்று அடிச்சொல் போடுவது மொழிபெயர்ப்பு, குறியிடல் அல்ல. ‘இஸ்துகினு’, ‘இஸ்த்துக்கினு’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதாமல் இருக்க எழுத்துக்கூட்டல் பட்டியல் ஒன்றைத் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பதிவு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். வேவ் கோப்பு, நொடிக்கு 48,000 மாதிரி, 16 பிட், மோனோ. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்பி ஆகும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக வாங்காதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும். ‘ஸ்’, ‘ச’ போன்றவை முதலில் அடிபடும். கடல்காற்றுக்கு மைக்கில் பஞ்சு உறை போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். எழுதுவதற்கு ஈலான் மென்பொருள் நல்லது, பேசுபவர் ஒவ்வொருவருக்கும் தனி அடுக்கு கொடுக்கலாம். சம்மதத்தைப் பேச்சு தொடங்கும் முன்பே வாங்குங்கள். ஆள்பெயரையும் போன் நம்பரையும் எழுத்தில் நீக்கிவிட்டு ஒலியில் அப்படியே விட்டுவிடுவது வழக்கமான கவனக்குறைவு.

ஆய்வு மாணவர், வியாசர்பாடி: இரண்டு பேர் போட்ட குறி 100 சொல்லில் 90 ஒத்துப்போகிறது. வழிகாட்டி ‘கப்பா எவ்வளவு?’ என்கிறார். 90 போதாதா?

எந்த 90 என்பதைப் பொறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் கொஞ்சம் ஒத்துப்போகும்; அந்தத் தற்செயலைக் கழிப்பதுதான் கோஹனின் கப்பா (1960). கிடைத்த ஒப்பிலிருந்து தற்செயல் ஒப்பைக் கழித்து, ஒன்றிலிருந்து தற்செயல் ஒப்பைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். தற்செயல் 0.40 என்றால் 0.50ஐ 0.60ஆல் வகுக்க 0.83, நல்ல எண். ஆனால் உங்கள் 100 சொல்லும் மீன்பெயர்ப் பட்டியல் என்று வையுங்கள். இருவருமே 90 சொல்லுக்குப் பெயர், 10 சொல்லுக்குப் பெயரடை என்று போட்டிருந்தால் தற்செயல் ஒப்பே 0.82. கப்பா 0.44க்கு இறங்கிவிடும்.

கணக்கிடும் முன் முற்றுப்புள்ளி, காற்புள்ளிகளை நீக்குங்கள். அவற்றில் யாரும் மாறுபட மாட்டார்கள், எண் வீங்கும். பேசித் தீர்த்த பிறகு கணக்கிடுவதும் தப்பு. தீர்ப்பதற்கு முன் இருந்த கோப்புகளே வேண்டும்.

எண்ணைவிட, எந்தக் குறி எந்தக் குறியோடு குழம்பியது என்ற அட்டவணை பயன் தரும். தமிழில் சண்டை ‘வைத்து’, ‘கொண்டு’, ‘படி’ போன்றவற்றில்தான் கூடும். ‘கத்தியை வைத்து வெட்டினான்’ என்பதைக் ‘கத்தியால் வெட்டினான்’ என்று மாற்ற முடிகிறது. ஆகவே அங்கே ‘வைத்து’ சொல்லுருபு. ‘கத்தியை மேசைமேல் வைத்துப் போனான்’ என்பதை அப்படி மாற்ற முடியாது; அது வினையெச்சம்.

டிடிபி தொழில் செய்பவர், திருவொற்றியூர்: பார்க்க ஒரே சொல்தான். தேடினால் பாதி இடத்தில் கிடைப்பதில்லை. ஏன்?

யுனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். இதை என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தல் சரிசெய்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி. ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வழி உண்டு (ஸ், ஶ), அதை என்எஃப்சி தொடாது. நீங்களே ஒன்றைத் தேர்ந்து மாற்றுங்கள். பழைய ஃபாண்டிலிருந்து மாற்றிய கோப்பில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா எழுத்துகளும் ஒட்டியிருக்கலாம்.

மோசமானது ஔகாரம். ‘சௌகார்பேட்டை’யைப் பலர் ஒற்றைக்கொம்பு, ச, ள என்று தட்டிவிடுகிறார்கள். அது ‘செளகார்பேட்டை’, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ‘கொம்பு + ள’ வருகிற இடமெல்லாம் ஔகாரமாக மாற்று என்று கட்டளை கொடுத்தால் ‘வெள்ளி’, ‘தெளிவு’ எல்லாம் நாசமாகும். சௌகார்பேட்டை, பௌர்ணமி, கௌரி, மௌனம் என்று சொற்பட்டியல் போட்டு, முழுச்சொல்லாக மட்டும் மாற்றுங்கள். அசல் கோப்பின் நகல் ஒன்று தனியாக இருக்கட்டும்.