தனித் தொகுதி இருக்கும்போது ஆதிவாசிகளுக்குத் தனிக் கட்சி எதற்கு?

கேள்வி: பழங்குடியினருக்குத்தான் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தனித் தொகுதிகள் இருக்கின்றனவே, பிறகு ராஜஸ்தானில் பாரத் ஆதிவாசி கட்சி என்று ஒன்று எதற்கு? நாலு எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும்?

உங்கள் முதல் கேள்விக்கு 2020 டிசம்பரில் தெற்கு ராஜஸ்தானின் டூங்கர்பூரில் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று பாரத் ஆதிவாசி கட்சியில் இருக்கும் முக்கியமானவர்கள் அப்போது பாரதிய டிரைபல் கட்சியில் இருந்தார்கள். 2017இல் குஜராத்தின் சோட்டுபாய் வசாவா தொடங்கிய கட்சி அது. 2018 ராஜஸ்தான் தேர்தலில் அதற்கு இரண்டு இடங்கள் கிடைத்தன: சௌராசியில் ராஜ்குமார் ரோத், சாக்வாடாவில் ராம்பிரசாத் டிண்டோர். 2020 ஜூலையில் சச்சின் பைலட் அணி பிரிந்து அசோக் கெலாட் அரசு ஆட்டம் கண்டபோது, இந்த இருவரும் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்துவிட்டுக் காங்கிரஸ் பக்கம் நின்றார்கள். அரசு பிழைத்தது.

ஐந்து மாதம் கழித்து டூங்கர்பூர் மாவட்ட ஊராட்சித் தேர்தல். மொத்தம் 27 இடங்கள். டிரைபல் கட்சி ஆதரித்தவர்கள் 13, பாஜக 8, காங்கிரஸ் 6. தலைவர் பதவிக்கு இன்னும் ஒரே ஒரு ஓட்டு போதும். காங்கிரஸின் 6 பேரும் பாஜகவின் 8 பேரும் ஒன்றாகச் சேர்ந்து 14க்கு 13 என்று அவர்களைத் தோற்கடித்தார்கள். தேசிய அரசியலில் நாள்தோறும் மோதிக்கொள்ளும் இரண்டு கட்சிகள், நூற்றுக்கு எழுபது பேர் ஆதிவாசிகளாக இருக்கும் ஒரு மாவட்டத்தில், ஆதிவாசிகளின் சொந்த அமைப்பு தலைமைக்கு வரக்கூடாது என்பதில் மட்டும் ஒரே அணியில் நின்றன. இத்தனைக்கும் அந்த 14 பேரிலும் ஆதிவாசிகள் உண்டு. தனித் தொகுதி எதைத் தரும், எதைத் தராது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

தனித் தொகுதியில் நிற்பவர் பழங்குடியினராக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அவருக்கு சீட்டு கொடுப்பது யார்? ஜெய்ப்பூரிலும் டெல்லியிலும் இருப்பவர்கள். ஜெயித்த பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடும். சுரங்கக் குத்தகையோ அணையோ காட்டு நிலமோ பேச்சுக்கு வரும்போது, கட்சியின் நிலைப்பாடு ஊருக்கு எதிராக இருந்தால் அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ராஜஸ்தானின் 200 தொகுதிகளில் 25 பழங்குடியினருக்கானவை. இவ்வளவு காலம் 25 ஆதிவாசி எம்.எல்.ஏ.க்கள் அவையில் உட்கார்ந்தும் பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகத்துக்கென அரசியலமைப்பில் இருக்கும் ஐந்தாவது அட்டவணையைப் பற்றிய பேச்சு அங்கே எவ்வளவு அபூர்வமாக இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர் வாசகர்களுக்கு இது சட்டென்று பிடிபடாததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது. பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே சட்டமன்றத் தொகுதிகள். மக்களவைத் தொகுதி ஒன்றுகூட இல்லை. டூங்கர்பூருக்குப் பக்கத்து மாவட்டமான பான்ஸ்வாடாவில் 2011 கணக்குப்படி மக்கள்தொகையில் 76 சதவீதம் பழங்குடியினர். அங்கே இது பெரும்பான்மையினரின் அரசியல்.

சில ஆண்டுகள் உதய்ப்பூரில் வேலை பார்த்தேன். வேலை நிமித்தமாக அந்தப் பக்கம் போய்வருவது உண்டு. ஒரு நாள் மாலை ஒரு கிராமத்தில் நான் பார்த்த கூட்டத்தில் மேடை இல்லை, மைக் இல்லை. கல்லூரிப் பையன் ஒருவன் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, இந்தியில் ஒரு வரி படிப்பதும் அந்த ஊர்ப் பேச்சுமொழியான வாக்டியில் அதை விளக்குவதுமாக இருந்தான். அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் சட்டம் அது. சிறு கனிமங்களுக்குக் குத்தகை கொடுக்கும் முன் கிராம சபை அல்லது ஊராட்சியின் பரிந்துரை கட்டாயம் என்ற இடம் வந்ததும், தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் அவனை நிறுத்தினார். பக்கத்துக் குன்றில் ஓடிக்கொண்டிருக்கும் கல் குவாரிக்கு யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு சட்டப் படிப்பு நின்று, அந்தக் கையெழுத்தைப் பற்றியே இருட்டும் வரை பேசினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது என்று முடிவானது. ஒரு கட்சி இப்படியும் வளரலாம் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

உண்மையில் கட்சிக்கு முன்னால் வந்தது மாணவர் அமைப்புதான். பீல் பிரதேஷ் வித்யார்த்தி மோர்ச்சா (பீல் பழங்குடியினர் பிரதேச மாணவர் முன்னணி) என்ற பெயரில் கல்லூரித் தேர்தல்களில் ஜெயித்து ஜெயித்துத்தான் இந்தத் தலைமுறை மேலே வந்தது. ரோத்தும் அதில் இருந்து வந்தவர்தான். முதல் தடவை எம்.எல்.ஏ. ஆனபோது அவருக்கு வயது 26. பிறகு குஜராத் தலைமையோடு ஒத்துப்போகாமல் ராஜஸ்தான்காரர்கள் பிரிந்து 2023இல் பாரத் ஆதிவாசி கட்சியைத் தொடங்கினார்கள். அந்த வருடக் கடைசியிலேயே சௌராசி, ஆஸ்பூர், தரியாவத் ஆகிய மூன்று இடங்களில் வெற்றி. மத்தியப் பிரதேசத்தின் சைலானாவில் கமலேஷ்வர் டோடியார் ஜெயித்தார். சொந்தமாகக் கார் இல்லாமல் பைக்கிலேயே போபால் சட்டமன்றத்துக்குப் போனவர் என்று செய்திகளில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

2024 மக்களவைத் தேர்தல்தான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பான்ஸ்வாடாவில் காங்கிரஸின் பழம்பெரும் தலைவரான மகேந்திரஜீத் சிங் மாளவியா தேர்தலுக்குச் சற்று முன் பாஜகவுக்குப் போய் வேட்பாளரானார். காங்கிரஸ் கடைசி நேரத்தில் ரோத்துக்கு ஆதரவு என்று அறிவித்தது. ஆனால் அதன் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெறாததால் கை சின்னமும் களத்தில் இருந்தது. அப்படியும் ரோத் 2,47,054 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மாளவியா அதுவரை வாங்கியவை அவருடைய சொந்த ஓட்டுகள் என்று நினைத்தவர்களுக்கு, அவை ஊர்க்காரர்களின் ஓட்டுகள் என்று தெரிந்த நாள் அது.

சரி, நாலு பேரால் என்ன முடியும்? ஆட்சியைப் பிடிக்க முடியாது. சட்டம் இயற்றவும் முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் மறக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அதே 2020இன் செப்டம்பரில் நடந்த ஆசிரியர் நியமனப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப் பகுதியில் நிரம்பாமல் கிடந்த 1,167 பொதுப்பிரிவு இடங்களைப் பழங்குடி இளைஞர்களுக்குக் கொடுங்கள் என்று காங்க்ரி டூங்ரி மலையில் உட்கார்ந்தார்கள். அது உதய்ப்பூர்–அகமதாபாத் நெடுஞ்சாலையில் கலவரமாக முடிந்து இரண்டு உயிர்கள் போயின. எரிந்த பேருந்துகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த இளைஞர்களின் கோரிக்கையை அவைக்குள் எடுத்துப் பேச தங்கள் ஆட்கள் இருவராவது இருந்தார்களே என்று அங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கட்சியைப் பற்றிய விமர்சனங்களையும் சொல்ல வேண்டும். நான்கு மாநிலங்களின் மாவட்டங்களைப் பிரித்துச் சேர்த்து பீல் பிரதேசம் வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு நடக்காது என்பது என் கணிப்பு. அரசியலமைப்பின் 3ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றம் நினைத்தால் போதும், மாநிலங்களின் சம்மதம் தேவையில்லை. ஆனால் நான்கு மாநிலக் கட்சிக்காரர்களையும் பகைத்துக்கொண்டு அதைச் செய்ய எந்த மத்திய அரசு முன்வரும்? அந்த ஊர்களில் தலைமுறைகளாக வாழும் மற்ற சாதியினருக்கு அந்த மாநிலத்தில் என்ன இடம் என்பதற்கும் கட்சி இன்னும் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். ராஜஸ்தான்–குஜராத் எல்லையில் உள்ள மான்கட் மலையில் 1913 நவம்பர் 17 அன்று, பீல்களின் வழிகாட்டியான கோவிந்த் குருவின் பின்னால் திரண்டவர்களை வெள்ளையர் படை சுட்டுக் கொன்றது. ஆண்டுதோறும் அங்கே கூடுபவர்களுக்கு இந்தக் கோரிக்கை எவ்வளவு நெருக்கமானது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பதில் தேவை என்கிறேன்.

முன்னுதாரணமும் இருக்கிறது. 1928 ஒலிம்பிக் ஹாக்கி அணித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டாவின் ஜார்க்கண்ட் கட்சி 1952இல் பிகாரில் 32 இடங்களைப் பிடித்தது. 1963இல் காங்கிரஸோடு இணைந்து கரைந்தது. அது கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் கிடைக்க 2000 நவம்பர் வரை ஆனது. பாரத் ஆதிவாசி கட்சியின் சின்னமும் ஹாக்கி மட்டையும் பந்தும்தான். ஜெய்பாலின் கட்சிக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரக்கூடாது என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அதைவிட எனக்குக் கவலை தருவது 2025 மே மாதம் நடந்தது. பாகிதோரா இடைத்தேர்தலில் ஜெயித்த இவர்களுடைய எம்.எல்.ஏ.வை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. சுரங்கம் பற்றிச் சட்டமன்றத்தில் கொடுத்திருந்த கேள்விகளைத் திரும்பப் பெற 20 லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபிக்கப்படுமா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் கேள்வி கேட்பதற்காகவே பிறந்த கட்சிக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அந்தக் கேள்விகளைக் கட்சியின் மற்ற எம்.எல்.ஏ.க்கள் அவையில் மறுபடியும் எழுப்ப வேண்டும்.

இனி வரப்போவது பான்ஸ்வாடா அணுமின் நிலையம். 2025 செப்டம்பரில் பிரதமர் அடிக்கல் நாட்டிவிட்டார். தலா 700 மெகாவாட்டில் நான்கு உலைகள். நிலம் கொடுக்க வேண்டிய ஊர்கள் 2024லேயே போராட்டத்தில் இறங்கிவிட்டன. மாற்று நிலம் எங்கே, வேலை யாருக்கு, கிராம சபையிடம் கேட்டீர்களா என்று அந்தத் தொகுதியின் எம்.பி. மக்களவையில் கேட்க முடியும். அவர் வேறு கட்சிக்காரராக இருந்தால் யாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கேட்பார் என்று யோசியுங்கள்.