மழை வந்தால் மக்கர் செய்யும் ரிவர்ஸ் சென்சார்

கேள்வி: ரிவர்ஸ் கியர் போட்டால், பின்னால் ஒன்றுமே இல்லாதபோதும் பீப் சத்தம் விடாமல் கேட்கிறது. சில நாள் சத்தமே வருவதில்லை. மழைக்காலத்தில்தான் இந்தத் தொல்லை. நான்கு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நான்கும் சேர்ந்து கெட்டுப்போவது அபூர்வம். மழையில் வந்து வெயிலில் போகிற கோளாறு என்றால் முதல் சந்தேகம் ஒயரிங் மேல்தான்.

ரிவர்ஸ் லைட் ஒழுங்காக எரிகிறதா பாருங்கள். அதுவும் விட்டுவிட்டு எரிந்தால் ஃபியூஸ், கியர்பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் சுவிட்ச் இரண்டையும் பார்க்க வேண்டும். 2019 ஜூலையிலிருந்துதான் புதுக் கார்களுக்குப் பின் சென்சார் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார், வெளியே வாங்கி மாட்டிய கிட் என்றால், ரிவர்ஸ் லைட் ஒயரில் இணைப்பு எடுத்த இடத்தையும் பிரித்துப் பாருங்கள், பல வண்டிகளில் அங்கே வெறும் டேப்தான் சுற்றியிருக்கும்.

அப்புறம் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஒவ்வொரு சென்சார் பக்கத்திலும் காதை வைத்தால் 'டிக் டிக்' என்று மெல்லக் கேட்கும். கேட்காததைக் கழற்றி, அதே பார்ட் நம்பர் உள்ள பக்கத்துச் சென்சாரோடு இடம் மாற்றுங்கள். கோளாறு சென்சாரோடு நகர்ந்தால் சென்சார் போச்சு, அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். பழைய இடத்திலேயே நின்றால் ஒயர்தான்.

பம்பருக்குள் போகும் ஒயர்களை பாடியோடு சேர்க்கும் கனெக்டரைத் தேடிப் பிரியுங்கள். டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் அதில் இறங்கி, உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் (pin) பச்சையாகப் பூத்திருக்கும். மூன்று ஒயர் சென்சார் என்றால் சப்ளை (கரன்ட் வருவது), எர்த் (கரன்ட் திரும்புவது), சிக்னல் (தகவல் போவது). சப்ளை வோல்டேஜ் காருக்குக் கார் மாறும், அதனால் மல்டிமீட்டரில் அளந்து, நன்றாக வேலை செய்யும் சென்சாரின் அளவோடு ஒப்பிடுங்கள். மீட்டரில் கன்டினியூட்டி பீப் (ஒயர் அறுபடவில்லை என்று காட்டும் சத்தம்) வந்துவிட்டது என்று ஒயரை நம்பிவிடாதீர்கள், ஒரே ஒரு இழை பாக்கி இருந்தாலும் அது பீப் அடிக்கும். சிஸ்டம் ஓடும்போதே சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒயரை ஆட்டினால் விட்ட இடமும் தெரிந்துவிடும். ஊசியால் மட்டும் ஒயரைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். அறுந்ததை சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு மூடச் சொல்லுங்கள்.

சரியாகும் வரை சத்தம் இல்லை என்பதை நம்பி வண்டியைப் பின்னால் எடுக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு முறையும் இறங்கிப் பாருங்கள்.