கல்லில் செதுக்கிய வெற்றிவேலும் காணாமல் போகும் புள்ளியும்

கேள்வி: தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரம் நாங்கள் போடும் தண்ணீர்ப்பந்தலுக்காகப் பத்தடிக்கு நாலடியில் ஒரு பேனர் தயாரிக்கிறேன். ‘வெற்றிவேல்’ என்ற சொல் கருங்கல்லில் செதுக்கியதுபோல் தெரிய வேண்டும். பாட்டியின் அம்மியைப் படமெடுத்து, ஃபோட்டோஷாப்பில் எழுத்துக்குள் வைத்துப் பார்த்தேன். சிமெண்டில் வார்த்த எழுத்துபோல் இருக்கிறதே தவிர, செதுக்கியது மாதிரி இல்லை. பேனர் எடுத்துத் தரும் ஏஜெண்ட், “கல் எஃபெக்டுக்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டும், 250 ரிங்கிட் கூடுதல்” என்கிறார். கொடுக்கலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

கொடுக்காதீர்கள். தனி சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. அவர் சொல்லும் வேலை உங்கள் ஃபோட்டோஷாப்பிலேயே பத்து நிமிடத்தில் முடியும்.

நீங்கள் கல்லை எழுத்துக்குள் வைத்தீர்கள். அதனால் கல்லால் ஆன எழுத்து கிடைத்தது. செதுக்கிய எழுத்து வேறு. கோயில் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். எழுத்துக்கென்று தனிக் கல் இல்லை. சுற்றியுள்ள அதே கல்தான் பள்ளத்துக்குள்ளும் தெரியும், விளிம்பில் நிழல் மட்டும் கூடும். ஆகவே அம்மிப் படத்தைப் பேனர் முழுக்கப் பின்னணியாக விரியுங்கள். அதன்மேல் எழுத்து லேயர் (எழுத்து மட்டும் இருக்கும் தனி அடுக்கு). அந்த லேயரின் ‘ஃபில்’ அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள் (பக்கத்தில் உள்ள ‘ஒபாசிட்டி’ அல்ல, அதைக் குறைத்தால் நிழலும் சேர்ந்து போய்விடும்). எழுத்து மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். இப்போது லேயர் ஸ்டைலில் ‘இன்னர் ஷேடோ’ போடுங்கள். ‘பெவல் அண்டு எம்பாஸ்’ போட்டு, திசையை ‘டவுன்’ என்று மாற்றுங்கள். பள்ளம் விழுந்துவிடும்.

வெளிச்சத்தை மட்டும் கவனியுங்கள். அம்மிப் படத்தில் ஜன்னல் வெளிச்சம் இடமிருந்து வந்திருந்தால், லேயர் ஸ்டைலின் கோணமும் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிராக இருந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்குப் பொய்யாகத் தெரியும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம், புள்ளி. கருங்கல்லில் இயல்பாகவே கறுப்புப் பொட்டுகள் உண்டு. அம்மி என்றால் கொத்திய குழிகள் வேறு. ‘வெற்றிவேல்’ என்பதில் ற் மேலும் ல் மேலும் இருக்கும் புள்ளிகள் அந்தக் குழிகளோடு கலந்துவிடும். பேனர் தொங்கும்போது ‘வெறறிவேல’ என்று நிற்கும், வருகிறவர் போகிறவரெல்லாம் சிரிப்பார்கள். ஆங்கில எழுத்துக்கு இந்தத் தொல்லை அதிகமில்லை, அதனால் இணையத்தில் இருக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. கல் படத்தின் காண்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறையுங்கள். புள்ளி பெரிதாக உள்ள தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

எழுத்தைக் கடைசிவரை எழுத்தாகவே விட்டு வையுங்கள் என்பது என் கண்டிப்பான விதி. படமாகவோ வடிவமாகவோ மாற்றிவிட்டால் பிழை திருத்த முடியாது. இதற்கு ஒரே விலக்கு அந்தப் புள்ளிதான். எந்த எழுத்துருவிலும் புள்ளி போதவில்லை என்றால், முதலில் எழுத்து லேயரை நகலெடுங்கள். மூல லேயரை மறைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். நகலை ‘கன்வர்ட் டு ஷேப்’ செய்யுங்கள். கறுப்பு அம்புக்குறியால் (‘பாத் செலக்‌ஷன்’ கருவி) புள்ளியை மட்டும் தொட்டு, கண்ட்ரோல் டி அழுத்திப் பெரிதாக்குங்கள். சில எழுத்துருக்களில் புள்ளி வளையமாக இருக்கும். அங்கே உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், நகலில்தான்.

வெ, வே இரண்டின் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் தவறு உங்களுடையதல்ல. புதிய பதிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது பழைய பதிப்பு என்றால், பிரிஃபரன்சஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் அது ‘மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன்’ என்று இருக்கும். பிறகு புதிய கோப்பு திறந்து எழுதுங்கள். யூனிகோடில் தமிழ் 1991-லேயே ஏறிவிட்டது. நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன் 1985-லேயே ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிவிட்டார். அப்படியிருந்தும் மாதாமாதம் சந்தா வாங்கும் மென்பொருளில் தமிழை ஒழுங்காக எழுத ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் பொத்தானைப் பல வருடங்கள் தேட வேண்டியிருந்தது! இலவசப் படத்திருத்த மென்பொருளான கிம்ப்பில் இந்தத் தேடல் தேவையில்லை, கொம்பு தானாகவே சரியாக உட்காரும்.

அளவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அங்குலத்துக்கு 50 பிக்சல் போதும். பத்தடிக்கு நாலடி என்றால் 6000-க்கு 2400 பிக்சல். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000 பிக்சல் அகலம் இருக்கும். ஒன்றரை மடங்கு இழுத்தால் கல்லில் ஒன்றும் தெரியாது. ‘300 டிபிஐ (அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல்) இல்லாவிட்டால் அச்சே வராது’ என்பவர் விசிட்டிங் கார்டையும் பேனரையும் குழப்பிக்கொள்கிறார்.

அப்புறம் ஏஜெண்ட். இப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சொந்தமாக அச்சு இயந்திரம் இருக்காது. உங்கள் கோப்பை வேறொரு கடைக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதுதான் வேலை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், மங்கலாக வந்த பிறகு ‘உங்கள் ஃபைல் சரியில்லை’ என்று உங்களிடமே திருத்தக் கூலி கேட்பார்கள். பல வருடங்களுக்கு முன் என்னிடமே ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார், நானும் கொடுத்துத் தொலைத்தேன். இயந்திரம் வைத்திருக்கும் கடைக்கு நீங்களே பென்டிரைவோடு போங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அவர் செய்ததன் பிஎஸ்டி கோப்பை (ஃபோட்டோஷாப்பின் மூலக் கோப்பு) லேயர்களோடு கேட்டு வாங்குங்கள்.

கடையில், முழுப் பேனரையும் ஓட்டும் முன், ‘ற்றி’ வரும் ஓரடித் துண்டை மட்டும் அசல் அளவில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, இருபதடி தள்ளி நின்று பாருங்கள். புள்ளி தெரிந்தால் மிச்சத்தை அடிக்கச் சொல்லலாம்.