‘புரொஃபஷனலா இருங்க’ என்று சொன்னால் எதைத் திருத்திக்கொள்வது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தென்காசி பக்கம். சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே மேலாளரைக்கூட எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. சாட்டில் ‘ஹாய் சார்’ என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன், பல நேரம் பதிலே வராது. போன வாரம் டீம் லீட், ‘கொஞ்சம் புரொஃபஷனலா இருங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதைத் திருத்திக்கொள்வது?

பதில்: முதலில் டீம் லீடிடமே கேளுங்கள். குறை சொல்பவர் எது குறை என்பதையும் சொல்லியாக வேண்டும், அதுவும் அவருடைய வேலைதான். ஆனால் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம், அவர் மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். ‘பத்து நிமிஷம் பேசணும், எப்ப வரட்டும்?’ என்று கேட்டுக்கொண்டு போங்கள். ‘நீங்க போன வாரம் சொன்னதைத் திருத்திக்க நினைக்கிறேன், ஒரு உதாரணம் சொல்றீங்களா?’ என்று கேட்டால் போதும். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே சமாதானம் சொல்லாதீர்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிகிற ஒரு காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வெறும் ‘ஹாய் சார்’ வந்தால் எதிரில் இருப்பவருக்கு எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாது. ‘சொல்லுங்க’ என்று அவர் எழுத வேண்டும், பிறகு நீங்கள் தட்டச்சு செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வேலை நெருக்கடியில் இருப்பவர் அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிடுவார். நீங்கள் பணிவு என்று நினைத்துச் செய்வது அவருக்குச் சுமையாகிவிடுகிறது.

விஷயத்தை ஒரே செய்தியில் முழுதாகக் கொடுங்கள். உங்கள் பிரிவிலிருந்தே ஒன்று: ‘வணக்கம் ரமேஷ். போன மாத விற்பனை இன்வாய்ஸ் ஒன்றில் வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண் 14 இலக்கம்தான் இருக்கிறது. நாளை 11-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். வாடிக்கையாளரை நானே கூப்பிட்டுக் கேட்கட்டுமா, விற்பனைப் பிரிவு வழியாகக் கேட்கட்டுமா? மாலை 4 மணிக்குள் சொன்னால் இன்றே திருத்திவிடுவேன்.’ என்ன சிக்கல், எப்போதைக்குள், அவரிடமிருந்து என்ன முடிவு வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. அந்த எண்ணுக்கு 15 இலக்கம் வேண்டும் என்பது கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், அதை விளக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் அவர் ஒரே வரியில் பதில் போட்டுவிடுவார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அரசு அலுவலகம், வங்கி என்றால் சார், மேடம்தான் வழக்கம். ஐ.டி. நிறுவனங்களில் பெயர்தான். அங்கே நீங்கள் மட்டும் ‘சார்’ என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மேலாளரே பெயர் சொல்லுங்கள் என்று கேட்ட பிறகும் விடாமல் ‘சார்’ போட்டால் அவருக்குச் சங்கடம். ‘ரமேஷ், நீங்க அனுப்பின ஃபைலைப் பார்த்துட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நீங்க’ இருக்கிறவரை மரியாதை ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. சில நாளில் வாய் பழகிவிடும்.

அதே ‘நீங்க’ ஹவுஸ்கீப்பிங் அம்மாவுக்கும் செக்யூரிட்டிக்கும் உண்டு. மேலாளரிடம் குழைந்து பேசிவிட்டு, அம்மா வயதில் இருப்பவரிடம் ‘ஏய், இந்த டேபிளைத் துடை’ என்கிறவர்களை அலுவலகங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய பழக்கவழக்கத்தை எடைபோட எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அக்கா, அண்ணா என்று கூப்பிடுங்கள், அல்லது பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ‘நீங்க’ போட்டுப் பேசுங்கள்.

மெயிலில் ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: சி.சி. சக ஊழியர் ஒருவரிடம் ஒரு பில் கேட்கும்போது முதல் மெயிலிலேயே அவருடைய மேலாளரையும் சி.சி.யில் சேர்த்தால், அவர் அதைப் புகாராகத்தான் எடுத்துக்கொள்வார். முதலில் நேராகக் கேளுங்கள், அப்புறம் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளலாம். ஜிமெயில் பயன்படுத்தினால், அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் நேரத்தை செட்டிங்ஸில் 30 விநாடிக்கு வைத்துவிடுங்கள். ‘ரிப்ளை ஆல்’ அவசரங்களிலிருந்து அது காப்பாற்றும்.

மற்றவை சின்ன விஷயங்கள். இருக்கையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசக் கூடாது, வீடியோவுக்கு ஹெட்போன் வேண்டும். லீவு என்றால் வேலை தொடங்குவதற்கு முன்பே தகவல் சொல்லி, கையில் இருக்கும் வேலையை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் எழுதிவிடுங்கள். மீன் குழம்பு தாராளமாகக் கொண்டு போகலாம், ஏசி அறைக்குள் மேஜையில் திறக்காமல் பேன்ட்ரியில் சாப்பிடுங்கள். சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்தான் நாகரிகம் கற்க வேண்டும்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஊரைச் சொன்னதும் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம், கல்யாணம் என்று அடுத்தடுத்துப் போவார்கள். நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள், யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் இல்லை. ‘அதெல்லாம் இங்க எதுக்குங்க?’ என்று சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்பிவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

உடல், உடை பற்றிய பேச்சு, வேண்டாம் என்றும் தொடரும் மெசேஜ் என்று போனால் அது பழக்கவழக்கப் பிரச்சினை அல்ல, சட்டப் பிரச்சினை. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதுதான் புரொஃபஷனல்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் மூத்த நிலையில் உள்ள ஒரு பெண் ஊழியராக இருப்பார். உங்கள் அலுவலகத்தில் அது யார் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், எழுத முடியாத நிலை என்றால் எழுத உதவ வேண்டியது குழுவின் பொறுப்பு.