ஜம்ப் டேபிளில் இருப்பது முகவரியா, தூரமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் பைதானில் சொந்தமாக ஒரு பைனரி அலசும் கருவி எழுதுகிறார். சில எக்ஸ்86-64 லினக்ஸ் பைனரிகளில் ஸ்விட்சின் ஜம்ப் டேபிள் (எந்த கேஸுக்கு எங்கே தாவ வேண்டும் என்ற பட்டியல்) சரியாக வருகிறதாம். சிலவற்றில் 4294963696 மாதிரி பூதாகரமான எண்கள் வருகின்றனவாம். டேபிளின் முகவரி 8200, கோடு இருக்கும் டெக்ஸ்ட் பகுதி 4096-இல் தொடங்குகிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

டேபிளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காதுங்க. அதைப் படிக்கிற கட்டளைகளைப் பாருங்கள்.

முதலில் அந்தப் பூதத்தை அடக்குவோம். 4294963696-ஐ 32 பிட் குறியுள்ள எண்ணாகப் படித்தால் −3600. 8200-இலிருந்து 3600 போனால் 4600. டெக்ஸ்டுக்குள் கச்சிதமாக உட்காருகிறது. ஆக, அது முகவரி இல்லை. டேபிளின் தலையிலிருந்து அந்த கேஸின் கோடு எவ்வளவு தூரம் என்ற கணக்கு. (பதின்மத்தில் எழுதியிருக்கிறேன், ஹெக்ஸ் ரசிகர்கள் மன்னிக்கவும்.) கம்பைல் ஆன துண்டுகளை ஒரே ஃபைலாகச் சேர்க்கும் குனு லிங்கர், டேபிள் இருக்கும் ரோடேட்டாவை (படிக்க மட்டுமேயான தரவுப் பகுதி) வழக்கமாக டெக்ஸ்டுக்குப் பின்னால் வைக்கும், அதனால்தான் மைனஸ். எல்எல்டி லிங்கர் முன்னால் வைக்கும், அங்கே பிளஸ் வரும். எனவே "மைனஸ் என்றால் தூரம்" என்று கோடில் விதி எழுதிவிடாதீர்கள்.

இதே இடத்தில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். முதலில் சி-யில் எழுதியிருந்தேன். குறியில்லாத 32 பிட் கூட்டல் தானாகவே சுற்றிக்கொண்டு வந்து 4600 என்று சரியான விடையைக் கொடுத்தது. பைதானுக்கு மாற்றியதும் 4294971896. பைதான் எண்கள் சுற்றாது. ஸ்ட்ரக்ட் அன்பேக்கில் பெரிய ஐ போட்டிருந்தேன், சின்ன ஐ போட்டிருக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து!

பிஐஇ (நினைவகத்தில் எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும் பைனரி) இல்லாத பைனரியில் ஜிசிசி கம்பைலர் ஒரே கட்டளையில் வேலையை முடித்துவிடும்: டேபிள் முகவரி, அதோடு இண்டெக்ஸ் பெருக்கல் 8, அங்கே இருக்கிற முகவரிக்கு நேராக ஜம்ப். பிஐஇ-யில் வரிசையே வேறு. லியா கட்டளை டேபிளின் முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் எடுக்கும். மூவ்எஸ்எக்ஸ்டி நான்கு பைட்டைக் குறியோடு 64 பிட்டாக நீட்டும். ஆட் இரண்டையும் கூட்டும். பிறகு அந்த ரெஜிஸ்டருக்கு ஜம்ப். ஜம்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வழியில் ஆட் இருந்தால் தூரம். தூரத்தோடு கூட்டப்படும் ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் பேஸ், அதாவது தூரத்தை அளக்கத் தொடங்கும் இடம். உபுண்டு பைனரிகளில் ஜம்புக்கு முன்னால் நோட்ராக் என்ற ஒரு பைட் முன்னொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும், பேட்டர்ன் எழுதும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

டேபிள் எங்கே முடிகிறது என்பதுதான் உண்மையான தலைவலி. ஜம்புக்குச் சற்று முன்னால் கம்பேரும் அதை அடுத்து 'மேலே போனால் டீஃபால்டுக்குப் போ' என்கிற ஜேஏ-வும் இருக்கும். கம்பேரில் 6 என்றால் எண்ட்ரி 7, பூஜ்யத்தையும் சேர்த்துத்தான். டீஃபால்ட் நடக்கவே நடக்காது என்று புரோகிராமர் கம்பைலரிடம் சத்தியம் செய்திருந்தால் அந்தச் சோதனையே காணாமல் போயிருக்கும். அப்போது உங்கள் கருவி எல்லை தாண்டி அடுத்த டேபிளையும் சேர்த்துப் படித்துவிடும். முழு முகவரி டேபிள் என்றால் தப்பு கண்ணில் படும்: வேறு ஃபங்ஷனின் முகவரிகள் வரும். தூர டேபிளில்தான் ஆபத்து. முதல் டேபிள் 7 எண்ட்ரி, 28 பைட் என்றால் அடுத்தது 8228-இல். அதன் தூரங்களை 8200-ஓடு கூட்டினால் ஒவ்வொரு இலக்கும் சரியான முகவரியை விட 28 பைட் குறைவாக வரும். டெக்ஸ்டுக்குள்தான் விழும், ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டளையின் நடுவயிற்றில். டெக்ஸ்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற கருவி இதை நம்பிவிடும். நான் கண்ட பேஸ் முகவரிகளையெல்லாம் முதல் சுற்றில் சேர்த்து வைத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் அடுத்த பேஸ் வந்ததும் நிறுத்துகிறேன்.

பேஸ் எப்போதும் டேபிளின் தலை என்றும் நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் 64 பிட் கோடில் தூரம் இமேஜ் பேஸிலிருந்து (ஃபைல் நினைவகத்தில் ஏற்றப்படும் தொடக்க முகவரி). 32 பிட் எக்ஸ்86 பிஐசி-யில் (எங்கே ஏற்றினாலும் ஓடும் கோடு) ஜிசிசி, காட் (GOT) என்ற முகவரி அட்டவணையின் பேஸிலிருந்து கணக்கிடும். ஆர்ம் தம்ப்-2-வின் டிபிபி (TBB) என்ற டேபிள் ஜம்ப் கட்டளையில் டேபிள் கோடுக்குள்ளேயே இருக்கும், எண்ட்ரி ஒரே பைட், அதை இரண்டால் பெருக்கிப் பிசி-யோடு (ஓடும் இடத்தைக் காட்டும் ரெஜிஸ்டர்) கூட்ட வேண்டும். ஆக பேஸ், எண்ட்ரி அளவு, குறி, பெருக்கல் என்று நான்கையும் தனித்தனி ஃபீல்டாக வைத்துக்கொள்ளுங்கள். பைனரி அலசும் கருவியான ஐடா (IDA) தானாகக் கண்டுபிடிக்க முடியாத ஸ்விட்சை நாம் கையால் சொல்லிக்கொடுக்கும் பெட்டியிலும் கிட்டத்தட்ட இதையெல்லாம்தான் கேட்கும்.

பிஐஇ-யிலும் முழு முகவரி டேபிள் வரும். பைதானை ஓட்டும் சிபைதான் இண்டர்பிரெட்டரில் 256 லேபிள் முகவரிகள் கொண்ட ஒரு அரே இருக்கிறது, ஜிசிசியின் கம்ப்யூட்டட் கோ-டூ (computed goto, முகவரியை எடுத்து நேராகத் தாவும் வசதி) என்பதற்காக. பிஐஇ-யாகக் கம்பைல் செய்த ஃபைலில் அந்த இடம் வெறும் பூஜ்யங்களாகத் தெரியலாம். நிஜ மதிப்பு ரிலொகேஷன் பதிவுகளின் (ஏற்றும்போது எந்த இடத்தில் எந்த முகவரியை நிரப்ப வேண்டும் என்ற குறிப்புகள்) அடெண்ட் (addend) என்ற ஃபீல்டில் இருக்கும். ஃபைலை அப்படியே படிக்காமல் ரிலொகேஷனை முதலில் போட்டுவிட்டு டேபிளைத் தொடுங்கள்.