மாற்றுத்திறனாளி தொழில்முனைவோருக்கு அரசு டெண்டரில் தனி ஒதுக்கீடு உண்டா?

அண்ணே, முதலில் உத்யம் பதிவு (சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு) செய்து தர மூவாயிரம் கேட்கும் அந்த ஏஜென்ட்டுக்குக் கொடுக்காதீர்கள், அதற்குப் பைசா கட்டணம் கிடையாது, ஆதார், பான் இருந்தால் திருமங்கலத்தில் உங்கள் தையல் கூடத்தில் உட்கார்ந்தபடி போனிலேயே முடித்துவிடலாம். படிவத்தில் மாற்றுத்திறனாளியா என்று ஒரு கேள்வி வரும், ஆம் என்று போடுங்கள்.

நீங்கள் கேட்ட தனி ஒதுக்கீடு மத்தியக் கொள்முதல் கொள்கையில் இல்லை. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25% சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் எஸ்சி, எஸ்டிக்கு 4, பெண்களுக்கு 3, அவ்வளவுதான். ஆனால் அந்த 25 உங்களுக்கும் சேர்த்துத்தான், அதை விடாதீர்கள். டெண்டர் போடும்போது கேட்கும் முன்வைப்புத் தொகையை (இஎம்டி) கட்ட வேண்டாம். உங்கள் விலை குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கு ஆர்டரை வாங்கலாம். ஒன்று கவனம்: உத்யமில் 'உற்பத்தி' என்று பதியுங்கள், வாங்கி விற்பவர் என்று பதிந்தால் இந்தச் சலுகை எதுவும் கிடைக்காது.

அப்புறம் அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் (GeM) இணையதளத்தில் பள்ளிச் சீருடை, துணிப்பை என்று தேடி, டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அனுபவம், விற்றுமுதல் தளர்வு சிறு நிறுவனங்களுக்கு உண்டா என்று ஒரு வரி இருக்கும், 'இல்லை' என்றிருந்தால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். மெஷின் வாங்கக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) பற்றிக் கேளுங்கள், புதிய யூனிட்டாக இருந்தால் மாற்றுத்திறனாளிக்குக் கிராமப்புறத்தில் 35% மானியம்.