கர்ப்பிணிக்குக் கால் பிடித்துவிடலாமா?

கேள்வி: ஏழாம் மாதம் நடக்கிறது. கால் வலி, இடுப்பு வலி என்பதால் அத்தை தினமும் எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிடுகிறார். கணுக்காலுக்கு மேல் அழுத்தினால் குறைப்பிரசவம் ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? எந்த எண்ணெய் நல்லது? நான்கு நாளாக இடது கெண்டைக்காலில் மட்டும் வலி, கொஞ்சம் வீக்கம். ஜெல் போட்டு அழுத்தித் தேய்த்தும் குறையவில்லை.

பதில்: அத்தை கால் பிடித்துவிட்டதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, நிம்மதியாகத் தூங்குங்கள். கணுக்காலை அழுத்தினாலே பிரசவ வலி வந்துவிடும் என்றால், தேதி தாண்டியும் வலி வராத பெண்களை நாங்கள் ஏன் வார்டில் சேர்த்து மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? அந்த வீடியோவை இத்தோடு விடுங்கள்.

ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இடது கெண்டைக்காலில் மட்டும் வலி என்று, எனக்குக் கவலை அதில்தான். அந்தக் காலைத் தேய்ப்பதை இப்போதே நிறுத்துங்கள், இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த செக்கப் வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும். பிரசவத்தில் அதிக ரத்தம் போய்விடாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. கூடவே கர்ப்பப்பை பெரிதாகி இடுப்பில் உள்ள ரத்தக் குழாய்களை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவது மெதுவாகிறது, அதுவும் இடது பக்கக் குழாயின் மேல் ஒரு தமனி குறுக்கே போவதால் அங்கே நெருக்கல் அதிகம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கட்டி பெரும்பாலும் இடது காலில் வருகிறது. கட்டி இருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஏழாம் மாதத்தில் கால் வீங்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சாதாரண வீக்கம் இரண்டு பாதத்திலும் இருக்கும், சாயங்காலம் கூடும், காலையில் வடியும். ஒரே காலில் வீக்கம், வலி, தொட்டால் சூடு, சிவப்பு என்று வந்தால் அது வேறு. தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் பருத்த இடத்தில் அளந்து பார்த்து, 2 செ.மீ. வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வித்தியாசம் இல்லை என்றாலும் போகத்தான் வேண்டும். டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள், குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் மாதிரிதான், கதிர்வீச்சு கிடையாது. கட்டி இருந்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி போடுவார்கள், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108.

அந்த ஜெல்லையும் தூரப் போடுங்கள். என்ன ஜெல் என்று நீங்கள் எழுதவில்லை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். 20 வாரத்துக்குப் பிறகு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். ஜெல்லில் உடம்புக்குள் போவது குறைவு, சரி, ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் எதற்கு?

ஸ்கேனில் கட்டி இல்லை என்று தெரிந்தபின் அத்தை தாராளமாகத் தோளையும் இடுப்பையும் பிடித்துவிடட்டும், காலை மட்டும் மெதுவாகத் தடவிவிட்டால் போதும். மல்லாந்து படுக்காமல், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். எண்ணெய் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை என்று யாராவது வயிற்றைத் தேய்த்துத் திருப்ப வந்தால் மட்டும் விடவே விடாதீர்கள், நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிடலாம்.

இந்த ரத்தக்கட்டி ஆபத்து பிரசவத்தோடு முடிவதில்லை, அதற்குப் பிறகும் ஆறு வாரம் இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்ட வருகிறவர் உங்களுக்கும் எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுவார், அவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.